பொது வைஃபையில் மின்னஞ்சல் கணக்கைப் பாதுகாத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயில் நிலையம், விமான நிலையம், தங்கும் விடுதி, காபிக் கடை ஆகிய இடங்களில் கிடைக்கும் வைஃபையில் மின்னஞ்சலைத் திறப்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. ஜிமெயில், அவுட்லுக், யாஹூ போன்ற பெரிய சேவைகளைப் பயன்படுத்துபவர்களையும், சொந்த டொமைனில், அதாவது நிறுவனத்தின் சொந்த இணையப் பெயரில், இயங்கும் அலுவலக மின்னஞ்சலைப் பயன்படுத்துபவர்களையும் மனத்தில் கொண்டே பதில்கள் அமைந்துள்ளன. இவ்விரு பிரிவினருக்கும் உள்ள ஆபத்து ஒன்றல்ல. இரண்டாம் பிரிவினருக்கே இது கூடுதலாகத் தேவைப்படும்.

பொது வைஃபையில் மின்னஞ்சலைத் திறக்கவே கூடாது என்று சொல்கிறார்களே, அது சரியா?

2010-ஆம் ஆண்டுவாக்கில் அது மிகச் சரியான அறிவுரையாக இருந்தது. இன்று பெரிய மின்னஞ்சல் சேவைகள் அனைத்தும் உங்கள் கருவிக்கும் தங்கள் சேவையகத்துக்கும் இடையே செல்லும் தரவு முழுவதையும் மறையாக்கம் செய்தே, அதாவது பிறர் படிக்க முடியாத வடிவில் மாற்றியே, அனுப்புகின்றன. பக்கத்து இருக்கையில் இருப்பவர் காற்றில் செல்லும் அலைகளைப் பதிவு செய்தாலும் அவரால் உங்கள் கடவுச்சொல்லையோ கடிதத்தையோ படிக்க முடியாது.

ஆயினும் ஆபத்து நீங்கிவிடவில்லை. அது வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. இன்று பொது வைஃபையில் கடவுச்சொல் பறிபோவது பெரும்பாலும் மூன்று வழிகளில்தான்: வைஃபைக்கான நுழைவுப் பக்கம் என்று நம்பி நாமே அதைத் தவறான இடத்தில் தட்டச்சு செய்வது, உலாவி காட்டும் சான்றிதழ் எச்சரிக்கையைப் படிக்காமல் கடந்து செல்வது, பல ஆண்டுகளுக்கு முன் அமைத்த அஞ்சல் செயலி பழைய அமைப்பிலேயே இயங்கிக்கொண்டிருப்பது. மூன்றையும் பயனரே அடைக்க முடியும் என்பதால், வைஃபையைத் தொடவே வேண்டாம் என்று அச்சுறுத்துவதை விட இந்த மூன்றையும் விளக்கிச் சொல்வதே பயனுள்ளது என்று கருதுகிறேன்.

முன்பு எப்படித் திருடினார்கள்? அந்த வழி இப்போது முழுமையாக அடைபட்டுவிட்டதா?

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் பின்வரும் அறிவுரைகளின் காரணம் விளங்கும். அந்நாளில் பல மின்னஞ்சல் தளங்கள் கடவுச்சொல் செல்லும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறையாக்கம் செய்துவிட்டு, உள்ளே நுழைந்த பிறகு எல்லாவற்றையும் திறந்த நிலையில் அனுப்பின. நீங்கள் ஏற்கெனவே நுழைந்தவர் என்பதைத் தளத்துக்கு உணர்த்தும் குக்கீயும் அவ்வாறே திறந்தபடி சென்றது. அந்தக் குக்கீயைப் பிடித்துத் தன் உலாவியில் பொருத்திக்கொண்டவருக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. 2007 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், அரங்கில் இருந்த ஒருவரின் ஜிமெயில் கணக்கை இந்த முறையில் மேடையிலேயே திறந்து காட்டினார். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியை வெளியிட்டபோது, தொழில்நுட்ப அறிவு சிறிதும் இல்லாதவரும் அதே காபிக் கடையில் இருப்பவர்களின் கணக்குகளுக்குள் ஒரு சொடுக்கில் நுழைய முடிந்தது. தளங்களின் அலட்சியத்தை அம்பலப்படுத்தவே அவர் அதை வெளியிட்டார். நோக்கம் நிறைவேறியது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜிமெயில் 2010 ஜனவரியில், உள்நுழைவது முதல் வெளியேறுவது வரையிலான முழு அமர்வையும் இயல்பாகவே மறையாக்கம் செய்யத் தொடங்கியது. 2014 மார்ச்சில் அதை அணைத்து வைக்கும் வாய்ப்பையும் நீக்கியது. ஹாட்மெயில் 2010 நவம்பரில் அதை விருப்பத்தேர்வாகக் கொடுத்தது. யாஹூ 2014 ஜனவரியில்தான் எல்லோருக்கும் இயல்பாக்கியது.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. முகவரிப் பட்டையில் தளத்தின் பெயரை மட்டும் தட்டச்சு செய்தால், உலாவியின் முதல் கோரிக்கை மறையாக்கம் இல்லாத எச்டிடிபி வழியாகச் சென்று, அதன் பிறகே பாதுகாப்பான பக்கத்துக்குத் திருப்பப்பட்டது. நடுவில் அமர்ந்திருப்பவர் அந்தத் திருப்பத்தைத் தடுத்துவிட்டு, பயனரைக் கடைசிவரை பாதுகாப்பற்ற பக்கத்திலேயே வைத்திருக்க முடியும் என்பதை பாதுகாப்பு ஆய்வாளர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் 2009-இல் எஸ்எஸ்எல்ஸ்ட்ரிப் என்ற கருவியால் நிறுவினார். இதற்கு மாற்றாக 2012 நவம்பரில் எச்எஸ்டிஎஸ் என்ற விதி தரநிலையாக வெளியிடப்பட்டது. அதை ஏற்ற தளத்துக்கு உலாவி ஒருபோதும் எச்டிடிபி வழியாகச் செல்லாது. ஜிமெயில் போன்ற முக்கியத் தளங்களின் பெயர்கள் உலாவியிலேயே முன்கூட்டி எழுதப்பட்டுள்ளன. ஆனால் சிறு நிறுவனங்களின் வலைவழி அஞ்சல் பக்கங்கள் பலவற்றில் இந்த விதி இன்றும் அமைக்கப்படாமல் இருக்கிறது. ஆகவே பழைய வழி அவர்களுக்கு முழுமையாக அடைபட்டுவிட்டதாகச் சொல்ல இயலாது. தங்கள் அஞ்சல் பக்கத்தை, மறையாக்கம் உள்ள இணைப்பைக் குறிக்கும் எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் முழு முகவரியோடு புத்தகக்குறியாகச் சேமித்து, அதிலிருந்து மட்டுமே திறப்பது அவர்களுக்கு நல்லது. உலாவி அமைப்புகளில் எப்போதும் பாதுகாப்பான இணைப்பையே பயன்படுத்தும்படி கூறும் தேர்வையும் இயக்கிவிடலாம்.

மற்றக் கணக்குகளை விட மின்னஞ்சல் கணக்குக்கு ஏன் இவ்வளவு கவனம்?

உங்கள் பிற கணக்குகளில் கடவுச்சொல் மறந்துபோனால், புதியதை அமைப்பதற்கான இணைப்பு மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. எனவே அஞ்சல் பெட்டியைப் பிடித்தவர் கடைக் கணக்கு, சமூக ஊடகம், வேலைவாய்ப்புத் தளம், புகைப்படச் சேமிப்பு என்று ஒவ்வொன்றாகக் கைப்பற்றலாம்.

கடவுச்சொல் கேட்கும் வைஃபை பாதுகாப்பானதுதானே?

விடுதியின் வரவேற்பு மேசையிலோ கடையின் சுவரிலோ எழுதி ஒட்டப்பட்ட கடவுச்சொல்லால் கிடைக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு. பரவலாக உள்ள டபிள்யூபிஏ2 என்ற வைஃபை மறையாக்க முறையில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால், அதை அறிந்த ஒருவர் உங்கள் கருவி ரௌட்டருடன் இணையும் தருணத்தைப் பதிவு செய்துகொண்டால் போதும். உங்கள் வைஃபை மறையாக்கத்தை அவரால் அவிழ்க்க முடியும். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 இந்தக் குறையைச் சரிசெய்தது. ஆனால் சுவரில் எழுதிய பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வைத்து இன்னொருவர் போலி வைஃபை ஒன்றை இயக்குவதை வழக்கமான டபிள்யூபிஏ3 அமைப்பாலும் தடுக்க இயலாது. உங்களைக் காப்பது வைஃபையின் மறையாக்கம் அல்ல, அதற்குள் உலாவியும் அஞ்சல் செயலியும் தனியே செய்துகொள்ளும் மறையாக்கமே. அது சரியாக இருந்தால் கடவுச்சொல்லே இல்லாத திறந்த வைஃபையிலும் உங்கள் அஞ்சல் பத்திரமாக இருக்கும். அது பழுதாக இருந்தால் எந்த வைஃபையும் காப்பாற்றாது.

வைஃபையில் இணைந்தவுடன் திறக்கும் பக்கம் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. கொடுக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், அது இந்தப் பதிலாகவே இருக்கட்டும்.

இந்தியாவில் பொது வைஃபை வழங்குபவர் பயனர் யார் என்பதை அறிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் உண்டு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குப் பொறுப்பேற்று அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டில் கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடந்த வைஃபை வழியாகச் சென்றது என்று விசாரணையில் தெரியவந்தது. அதற்குப் பின் 2009-இல் தொலைத்தொடர்புத் துறை, பொது வைஃபையில் பயனரின் அடையாளம் பதிவாக வேண்டும் என்று உத்தரவிட்டது. அதனால்தான் ரயில் நிலையங்களில் ரெயில்டெல் நிறுவனம் ரெயில்வயர் என்ற பெயரில் வழங்கும் வைஃபை உங்கள் கைப்பேசி எண்ணைக் கேட்டு, அதற்கு ஓடிபி அனுப்புகிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டத்தின் கீழ், சிறு கடைக்காரர்களும் உரிமம் இன்றி வைஃபை வழங்கலாம். ஆக, கைப்பேசி எண்ணும் ஓடிபியும் கேட்பது வழக்கமானது. விடுதியில் அறை எண்ணையும் பெயரையும் கேட்பதும் வழக்கமானதே. உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கேட்பதற்கு எந்த வைஃபை வழங்குபவருக்கும் எந்தத் தேவையும் இல்லை.

இது வெறும் கற்பனை அச்சம் அல்ல. 2024-இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சிக் காவல்துறை ஒருவர் மீது வழக்குத் தொடுத்தது. பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும், உள்நாட்டு விமானங்களுக்குள்ளும், அசல் வைஃபையின் பெயரிலேயே அவர் சிறு கருவி ஒன்றால் போலி வைஃபை இயக்கினார் என்பது குற்றச்சாட்டு. இணைந்தவர்களுக்கு ஒரு பக்கம் திறந்தது. மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கைக் கொண்டு உள்நுழையும்படி அது கேட்டது. விமான நிறுவன ஊழியர்கள் பறக்கும்போதே சந்தேகத்துக்குரிய வைஃபை ஒன்றைக் கவனித்துப் புகார் அளித்ததே வழக்கின் தொடக்கம். அங்கே எவருடைய மறையாக்கத்தையும் உடைக்க வேண்டிய தேவை எழவில்லை என்பதைக் கவனியுங்கள். பயணிகள் தாங்களே தட்டச்சு செய்தால் போதும் என்பதே அந்த மோசடியின் அடிப்படை.

வைஃபையில் இணைந்தவுடன் கைப்பேசியில் தானாகத் தோன்றும் சிறு சாளரத்தில் முழுமையான முகவரிப் பட்டை இருப்பதில்லை. கடவுச்சொற்களைச் சேமித்து வைத்து உரிய பக்கத்தில் தானாக நிரப்பும் கடவுச்சொல் மேலாளரும் அங்கே வழக்கம்போல் செயல்படாது. எனவே கூகுள் கணக்கைக் கொண்டு நுழையலாம் என்ற பொத்தான் அங்கே இருந்தாலும் அழுத்த வேண்டாம். ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் கேட்டால், விளம்பரக் கடிதங்களுக்கென்று தனியாக வைத்திருக்கும் முகவரியைக் கொடுங்கள். ஏதேனும் கடவுச்சொல்லை அமைத்துக்கொள்ளும்படி கேட்டால், வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்றை அமையுங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்லையே அங்கும் வைப்பவர் அதைக் கையளித்தவர் ஆவார்.

இந்த இணைப்பு தனிப்பட்டதல்ல, சான்றிதழில் சிக்கல் உள்ளது என்றெல்லாம் எச்சரிக்கை வருகிறது. தொடரலாமா?

தொடரக் கூடாது. ஆனால் ஏன் வருகிறது என்று பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும்.

மறையாக்கம் என்பது தன்னளவில், நடுவில் இருப்பவர் படிக்காமல் தடுக்கிறது, அவ்வளவே. மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே உங்கள் அஞ்சல் சேவைதானா என்பதைச் சான்றிதழ்தான் உறுதி செய்கிறது. அது உறுதியாகாமல் மறையாக்கம் செய்தால், திருடனுடனேயே மிகப் பாதுகாப்பாக உரையாடுவதாக ஆகும். போலி வைஃபையை இயக்குபவர் ஜிமெயிலின் பெயரில் தன் சேவையகத்தைக் காட்டினால், அவரிடம் அதற்குரிய சான்றிதழ் இருக்காது. உலாவி உடனே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கைதான் உங்களுக்கும் அவருக்கும் இடையே இருக்கும் ஒரே சுவர். சான்றிதழ் வழங்கும் நிறுவனமே உடைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்கு நேர்ந்தது சான்று. அங்கே ஊடுருவியவர்கள் கூகுளின் பெயரில் பெற்ற போலிச் சான்றிதழைக் கொண்டு ஈரானில் ஜிமெயில் பயனர்கள் பெருமளவில் கண்காணிக்கப்பட்டனர். அந்த நிறுவனம் அதே ஆண்டு திவாலானது. அதன் பிறகு வழங்கப்படும் சான்றிதழ்களைப் பொதுப் பதிவேடுகளில் பதிய வேண்டிய ஏற்பாடு வந்ததால், இத்தகைய போலிகளை மறைத்து வைப்பது இன்று மிகக் கடினம்.

நடைமுறையில் எச்சரிக்கைக்குத் தீங்கற்ற காரணங்களும் இரண்டு உண்டு. நுழைவுப் பக்கத்தில் ஓடிபி கொடுத்து முடிக்கும் முன்பே அஞ்சல் பக்கத்தைத் திறக்க முயன்றால், வைஃபை உங்களைத் தன் பக்கத்துக்குத் திருப்ப முயல்வதால் எச்சரிக்கை வரலாம். அப்போது அஞ்சல் பக்கத்தை மூடிவிட்டு, வைஃபை அமைப்புகளுக்குச் சென்று உள்நுழைவு அறிவிப்பைத் தொட்டு, அந்தப் பணியை முதலில் முடியுங்கள். மற்றொன்று, கருவியின் தேதி தவறாக இருப்பது. பேட்டரி முற்றிலும் தீர்ந்துபோன பழைய மடிக்கணினிகளில் இது நடக்கும். இரண்டையும் சரிசெய்த பிறகும் எச்சரிக்கை வந்தால் அந்த வைஃபையைத் துண்டித்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். அங்கே எச்சரிக்கை வரவில்லை என்றால் சிக்கல் அந்த வைஃபையில்தான் இருக்கிறது. ஜிமெயில் போன்ற தளங்களில் எச்சரிக்கையைத் தாண்டிச் செல்லும் பொத்தானே இருக்காது. அது கோளாறு அன்று. மேலே கூறிய எச்எஸ்டிஎஸ் விதி வேண்டுமென்றே அதை நீக்கியிருக்கிறது.

உண்மையான சிக்கல் சிறு நிறுவனங்களின் மின்னஞ்சலில் இருக்கிறது. பல வாடிக்கையாளர்கள் ஒரே சேவையகத்தைப் பகிர்ந்துகொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங்கில் டொமைன் வாங்கியவர்கள் பலரின் அஞ்சல் சேவையகம் ஒரு பெயரிலும், அதன் சான்றிதழ் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரிலும் இருக்கும். அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற அஞ்சல் செயலியை அமைக்கும்போது பெயர் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வரும். அமைத்துக் கொடுப்பவர் ஏற்றுக்கொள் என்பதை அழுத்திவிடுங்கள், எப்போதும் அப்படித்தான் வரும் என்று சொல்லிவிட்டுப் போவார். அலுவலகத்தில் அமர்ந்து செய்யும்வரை பெரிய தீங்கு இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த ஊழியருக்கு எச்சரிக்கையைக் கண்டதும் ஏற்றுக்கொள்ளும் பழக்கம் ஊன்றிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து விமான நிலையத்தில் அதே போன்ற எச்சரிக்கை, இந்த முறை ஒரு திருடனின் சான்றிதழுக்காகத் தோன்றும்போது, அவர் கை தயங்காமல் அதே பொத்தானுக்குச் செல்லும். இதைச் சரிசெய்வது எளிது என்பதுதான் வருத்தம் தருகிறது: அமைப்புகளில் சேவையகத்தின் பெயராக ஹோஸ்டிங் நிறுவனம் தரும் பெயரையே கொடுத்தால் சான்றிதழ் பொருந்திவிடும், அல்லது லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்பு இலவசமாக வழங்கும் சான்றிதழை அஞ்சல் பெயருக்கும் சேர்த்துப் பெறலாம். அலுவலக மின்னஞ்சலை நிர்வகிப்பவர் யாராக இருந்தாலும் இதை இன்றே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அஞ்சல் செயலியில் எந்த அமைப்புகளைப் பார்க்க வேண்டும்?

உலாவியில் நீங்கள் பக்கத்தைத் திறந்தால்தான் கடவுச்சொல் செல்லும். அஞ்சல் செயலி அப்படியல்ல. புதிய கடிதம் இருக்கிறதா என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானே சென்று பார்க்கும். கைப்பேசி சட்டைப்பையில் இருக்கும்போதே, வைஃபையில் இணைந்த மறுகணம், நீங்கள் எதையும் தொடாமலே அது உங்கள் பெயரால் உள்நுழைந்துவிடும். அமைப்பு தவறாக இருந்தால் கடவுச்சொல் திறந்த நிலையில் மீண்டும் மீண்டும் காற்றில் செல்லும்.

கணக்கு அமைப்புகளில் உள்வரும் சேவையகத்தைப் பாருங்கள். கடிதங்களைப் பெறும் முறை ஐமேப் என்றால் போர்ட் (இணைப்பு வாயில்) எண் 993, பாப்3 என்றால் 995 என்று இருக்க வேண்டும். பாதுகாப்பு வகை, மறையாக்கத்தைக் குறிக்கும் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்று இருக்க வேண்டும். 143 அல்லது 110 என்று இருந்து, பாதுகாப்பு வகை எதுவும் இல்லை என்று காட்டினால், அந்தக் கணக்கைப் பொது வைஃபையில் பயன்படுத்தவே கூடாது. வெளிச்செல்லும் சேவையகத்துக்கு 465 போர்ட்டும் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்ஸும் நல்லது. 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ் தேர்வு செய்யப்பட்டிருக்க வேண்டும். ஸ்டார்ட்டிஎல்எஸ் முறையில் இணைப்பு முதலில் திறந்த நிலையில் தொடங்கி, பிறகே மறையாக்கத்துக்கு மாறுகிறது. நடுவில் இருப்பவர் அந்த மாற்றத்தையே தடுக்க முயலலாம் என்பதால், தொடக்கத்திலிருந்தே மறையாக்கம் செய்யும் முறையை விரும்பும்படி 2018-இல் இணையத் தரநிலை அமைப்பும் பரிந்துரைத்தது. சில பழைய செயலிகளில், மறையாக்கம் கிடைத்தால் பயன்படுத்து என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் கிடைக்காதபோது அது மறையாக்கம் இன்றியே கடவுச்சொல்லை அனுப்பிவிடும்.

ஆண்ட்ராய்டின் சில அஞ்சல் செயலிகளில் எல்லாச் சான்றிதழ்களையும் ஏற்றுக்கொள் என்ற தேர்வு எஸ்எஸ்எல் என்ற சொல்லுக்கு அருகிலேயே இருக்கிறது. பார்ப்பதற்குப் பாதுகாப்பான தேர்வு போலத் தோன்றும். அதைத் தேர்ந்தால் எச்சரிக்கையே வராது. யார் காட்டும் சான்றிதழையும் செயலி நம்பிவிடும். முன்பு பேசிய சிறு நிறுவனச் சிக்கலுக்குப் பலர் கண்ட குறுக்குவழி இதுதான்.

ஜிமெயிலையும் அவுட்லுக்கையும் புதிய செயலிகளில் சேர்க்கும்போது கடவுச்சொல் அந்தச் செயலியில் சேமிக்கப்படுவதில்லை. நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கம் திறந்து, செயலிக்கு ஓர் அனுமதி மட்டும் வழங்கப்படுகிறது. கூகுள் 2022 மே மாத இறுதியில், தனிநபர் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லால் நுழையும் பழைய செயலிகளை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் தன் தனிநபர் அஞ்சல் கணக்குகளுக்கு 2024 செப்டம்பரில் அதைச் செய்தது. பழைய செயலி வேலை செய்யாமல் போனதற்காகப் பலர் எரிச்சலடைந்தார்கள். ஆனால் அது பயனருக்கு நன்மை செய்த மாற்றமே.

முகவரிப் பட்டையில் பூட்டுக் குறி இருந்தால் போதுமா?

போதாது. மோசடிப் பக்கமும் தன் சொந்தப் பெயருக்கு முறையான சான்றிதழ் பெற்றுப் பூட்டுக் குறியைக் காட்டும். பூட்டோடு பெயரையும் எழுத்துக்கு எழுத்துப் படியுங்கள். அதை விட நம்பகமான வழி, கடவுச்சொல் மேலாளரை நம்புவது: வழக்கமாகத் தானாக நிரப்பும் அது ஒரு பக்கத்தில் நிரப்ப மறுத்தால், அந்தப் பக்கத்தின் பெயர் வேறு என்று பொருள். அப்போது கையால் தட்டச்சு செய்யாமல் பக்கத்தை மூடிவிட வேண்டும்.

இருபடிச் சரிபார்ப்பு வைத்திருக்கிறேன். இனி கவலை இல்லைதானே?

கடவுச்சொல்லோடு ஓடிபி போன்ற இன்னொரு சான்றையும் கேட்கும் அந்த ஏற்பாட்டை வைத்திருப்பது மிக நல்லது, கட்டாயம் வைத்திருங்கள். கடவுச்சொல் மட்டும் திருடியவரை அது தடுக்கும். ஆனால் இன்றைய போலிப் பக்கங்கள் கடவுச்சொல்லோடு ஓடிபியையும் கேட்டு வாங்கி, அந்த நொடியிலேயே அசல் தளத்தில் பதிந்து, கிடைக்கும் அமர்வுக் குக்கீயைத் தங்களிடம் வைத்துக்கொள்கின்றன. குறுஞ்செய்தி ஓடிபியும், செயலியில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண்ணும் இந்த வகை மோசடிக்கு ஒரே அளவில் இடம் கொடுப்பவைதான்.

பாஸ்கீயும், யுஎஸ்பி வடிவில் வரும் பாதுகாப்புச் சாவியும் இதற்கு விடை. பாஸ்கீ உங்கள் கைப்பேசியின் கைரேகை அல்லது திரைப்பூட்டைக் கொண்டு செயல்படுகிறது. அது எந்தத் தளத்துக்காக உருவாக்கப்பட்டதோ அந்தப் பெயர் கொண்ட தளத்துக்கு மட்டுமே பதிலளிக்கும். கண்ணால் வேறுபடுத்த முடியாத போலிப் பக்கத்திலும் அது ஏமாறாது, ஏனெனில் அது தோற்றத்தைப் பார்ப்பதே இல்லை. கூகுள் 2023 மே முதல் தனிநபர் கணக்குகளுக்கு இதை வழங்குகிறது. மைக்ரோசாஃப்ட் 2024 மே முதல் வழங்குகிறது. அடிக்கடி பயணம் செய்பவர் புறப்படுவதற்கு முன்பே வீட்டிலிருந்து இதை அமைத்துக்கொள்வது நல்லது. கைப்பேசி தொலைந்தாலும் நுழைய வழி இருக்கும்படி, காப்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட வேண்டும்.

விபிஎன் வாங்க வேண்டுமா?

மேலே கூறியவற்றைச் சரிசெய்தவருக்கு மின்னஞ்சலின் பொருட்டு விபிஎன் அவசியம் இல்லை. விபிஎன் உங்கள் தரவு முழுவதையும் ஒரு சுரங்கம் வழியாக இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்புகிறது. வைஃபை நடத்துபவர் மீது வைக்க வேண்டியிருந்த நம்பிக்கையை அந்த நிறுவனத்தின் மீது வைக்கிறீர்கள். போலிப் பக்கத்தில் நீங்கள் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லை அது காப்பாற்றாது. விளம்பரங்களோடு வரும் இலவச விபிஎன் செயலிகளைத் தவிர்ப்பதே நலம், ஏனெனில் அவற்றை நடத்துபவர் யார் என்பதே பெரும்பாலும் தெளிவாக இருப்பதில்லை. மேலும் 2022 ஏப்ரலில் சிஇஆர்டி-இன் (CERT-In) என்ற இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட உத்தரவின்படி, இந்தியாவில் விபிஎன் வழங்குவோர் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் சேமித்து வைக்க வேண்டும். அதனால் வெளிநாட்டு நிறுவனங்கள் சில தங்கள் சேவையகங்களை இந்தியாவிலிருந்து அகற்றிக்கொண்டன.

அலுவலகம் வழங்கும் விபிஎன் இதற்கு விதிவிலக்கு. அதை அவசியம் பயன்படுத்த வேண்டும். கைப்பேசி வைஃபையில் இணைந்து விபிஎன் தொடங்கும் முன்பே அஞ்சல் செயலி உள்நுழைந்துவிடக்கூடும். எனவே விபிஎன் இல்லாதபோது இணைப்பைத் தடுக்கும் தேர்வு ஆண்ட்ராய்டு அமைப்புகளில் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள்.

என்னைப் போன்ற சாதாரண ஒருவரை யார் குறிவைக்கப் போகிறார்கள்?

தனியாக ஒருவரைக் குறிவைத்து வைஃபைக்கு அருகில் வந்து அமர்வது பெரும்பாலும் அரசியல், தூதரகம், பெருநிறுவனம் ஆகிய துறைகளில் இருப்போருக்கே நிகழ்கிறது. 2018 ஏப்ரலில் நெதர்லாந்து, ரசிய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த நால்வரை நாட்டை விட்டு வெளியேற்றியது. தி ஹேக் நகரில் வேதி ஆயுதத் தடை அமைப்பின் அலுவலகத்துக்கு அடுத்திருந்த விடுதியில், அவர்களது காரின் பின்பகுதியில் வைஃபையை ஊடுருவுவதற்கான ஆண்டெனாவும் கருவிகளும் இருந்தன. மறுபுறம், ஆஸ்திரேலிய வழக்கில் சொல்லப்படும் போலி வைஃபை எவரையும் குறிவைக்கவில்லை. இணைந்தவர் எவராயினும் அதே பக்கம் அவருக்குத் திறந்தது. சாதாரணமானவராக இருப்பது இந்த இரண்டாம் வகையில் எந்தப் பாதுகாப்பையும் தராது.

கைப்பேசி தானாகவே வைஃபையில் இணைவதை நிறுத்த வேண்டுமா?

ஆம். பொது வைஃபையைப் பயன்படுத்தி முடித்தவுடன் சேமித்த பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். கடவுச்சொல் இல்லாத வைஃபையைக் கைப்பேசி பெரும்பாலும் பெயரை மட்டும் கொண்டே அடையாளம் காண்கிறது. அதே பெயரில் வேறு எவர் இயக்கினாலும் அது கேட்காமல் இணைந்துவிடும்.

பிரௌசிங் சென்டர் கணினியில் மின்னஞ்சலைத் திறக்கலாமா?

இயன்றவரை வேண்டாம். தேர்வு விண்ணப்பம் அனுப்பவும், சான்றிதழை அச்சிடவும் அங்கே செல்பவர்கள் பலர் தங்கள் கணக்கைத் திறந்து, வெளியேறாமலே வந்துவிடுகிறார்கள். கணினி இன்னொருவருடையது என்னும்போது அதில் என்ன மென்பொருள் தட்டச்சைப் பதிவு செய்கிறது என்பதை அறிய வழியே இல்லை. இணைப்பு எவ்வளவு பாதுகாப்பாக இருந்தாலும் பயன் இல்லை. அச்சிட வேண்டிய கோப்பை உங்கள் கைப்பேசியிலிருந்து கடையின் முகவரிக்கு அனுப்புங்கள். அச்சான பிறகு உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். ஆதார் நகல் என்றால் எண்ணின் முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட வடிவத்தை அனுப்பலாம். தவிர்க்கவே முடியாமல் அங்கே நுழைந்தீர்கள் என்றால், உலாவியின் மறைநிலைச் சாளரத்தைப் பயன்படுத்தி, முடிந்ததும் வெளியேறி, சொந்தக் கருவிக்குத் திரும்பியவுடன் கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும்.

வைஃபை நடத்துபவருக்கு என்னென்ன தெரியும்?

எந்த அஞ்சல் சேவையுடன், எப்போது, எவ்வளவு நேரம் தொடர்பில் இருந்தீர்கள், எவ்வளவு தரவு சென்றது என்பது தெரியலாம். கடிதத்தின் உள்ளடக்கம், பெறுநர், பொருள் வரி, இணைப்புகள், கடவுச்சொல் ஆகியவை தெரியாது.

எல்லாம் குழப்பமாக இருக்கிறது. எளிய வழி ஏதும் இல்லையா?

மொபைல் டேட்டா இருக்கும்போது அதையே பயன்படுத்துங்கள். மடிக்கணினிக்கு உங்கள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் போதும். அஞ்சல் போக்குவரத்துக்குச் செலவாகும் டேட்டா மிகக் குறைவு. வெளிநாட்டுப் பயணத்தில் டேட்டா இல்லாதபோது மட்டுமே பொது வைஃபை உண்மையில் தேவைப்படுகிறது. அப்போதுதான் மேலே உள்ள பதில்கள் உதவும்.

கடவுச்சொல் பறிபோயிருக்குமோ என்று சந்தேகம். இப்போது என்ன செய்வது?

முதலில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். சொந்தக் கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதே கடவுச்சொல்லை வேறெங்கேனும் வைத்திருந்தால் அங்கும் மாற்ற வேண்டும். பிறகு கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் உள்நுழைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து, உங்களுடையது அல்லாத ஒவ்வொன்றையும் வெளியேற்றுங்கள்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள்; நுழைந்தவர் விட்டுச்செல்லும் கதவுகள் இதற்குப் பிறகுதான் இருக்கின்றன. மீட்புக்கான கைப்பேசி எண்ணும் மாற்று மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். அறியாத பாஸ்கீ, பழைய செயலிகளுக்கென உருவாக்கப்படும் தனிச் செயலிக் கடவுச்சொல், கணக்கை அணுக அனுமதி பெற்ற மூன்றாம் தரப்புச் செயலி ஆகியவற்றை நீக்குங்கள். வரும் கடிதங்களின் நகலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறதா, வங்கி என்ற சொல் உள்ள கடிதங்களை நேரே குப்பைக்குத் தள்ளும் வடிகட்டி ஏதும் இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஜிமெயிலில் நகல் அனுப்பும் ஏற்பாட்டைக் கைப்பேசிச் செயலியில் பார்க்க இயலாது. கணினி உலாவியில் திறந்து, அமைப்புகளில் அதற்கென உள்ள பகுதிக்குச் செல்ல வேண்டும். கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் இந்த ஏற்பாடு தானாக நீங்காது.

அனுப்பிய கடிதங்களையும் குப்பைத் தொட்டியையும் பார்த்து, உங்கள் பெயரில் பணம் கேட்டு யாருக்கேனும் கடிதம் சென்றிருந்தால் அவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். அலுவலகக் கணக்கு என்றால் நிர்வாகியிடம் அன்றே தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் பண இழப்பு ஏற்பட்டிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்; தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். புகாரில் குறிப்பிடுவதற்காக, நீங்கள் இணைந்த வைஃபையின் பெயர், இடம், நேரம், திறந்த பக்கத்தின் முகவரி ஆகியவற்றைத் திரைப்பிடிப்போடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.